ஏழு வயதுக்கு முன் தாடையைப் பாருங்கள்

பிள்ளை பிறந்த கையோடு முகத்தைப் பங்கு பிரித்து முடித்துவிடுவோம். மூக்கு தகப்பனுடையது, நெற்றி அப்பப்பாவுடையது, நாடி அம்மம்மாவுடையது. பிறகு பல் கோணலாக முளைத்தாலும், வாய் எப்போதும் அரைவாசி திறந்தபடி இருந்தாலும் அதையும் அதே கணக்கில்தான் சேர்ப்போம். "அவையின்ர குடும்பத்து வாய் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, அதாவது பிள்ளை மூச்சு விடும் விதமும் மெல்லும் விதமும்கூடத் தாடையை அமைக்கின்றன என்பது, எனக்குத் தெரியவந்தது மகனுக்கு ஏழு வயது ஆகப்போகும் நேரத்தில், வெள்ளவத்தையில் ஒரு பல் மருத்துவரிடம் போனபோது. நான் பேசிப் பார்த்த தாய்மாரில் அநேகமானோருக்கு இது பிள்ளையின் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், பல்லுக்குக் கம்பி போடப் போகிற சமயத்தில்தான் தெரியவருகிறது. அந்த வயதில் தாடையின் அகலத்தை மாற்றுவது கஷ்டம். இருக்கிற இடத்துக்குள் பல்லை அடுக்கத்தான் வழி தேடவேண்டும், செலவும் லட்சக்கணக்கில் போகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகனைக் கூட்டிக்கொண்டு போனது வேறு காரணத்துக்காக. கீழ்வரிசையில் பால்பல் விழாமலேயே அதன் பின்னால் புதுப்பல் ஒன்று எட்டிப் பார்த்தது. டொக்டர் அதைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது தானா விழுந்திடும், பயப்படாதேங்கோ" என்றார். அப்புறம் மகனை நன்றாகக் கடிக்கச் சொன்னார், கன்னத்தை ஒதுக்கி எனக்குக் காட்டினார். வலது பக்கம் மேல்கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே வந்து மூடவேண்டும்; மகனுக்கு அவை உள்ளே விழுந்து கடித்தன. அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, உயர்ந்து ஒடுங்கி இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் பல்லைப் பற்றி ஒன்றுகூட இல்லை. "இரவில குறட்டை விடுறவரா? வாயைத் திறந்துகொண்டா படுக்கிறவர்? சாப்பாட்டைக் கொடுப்புக்குள்ள அடக்கி வச்சுக்கொண்டு இருக்கிறவரா? தண்ணி குடிச்சுத்தான் விழுங்குவாரா?"

எல்லாவற்றுக்கும் ஓம் என்பதுதான் பதில். மகனுக்கு எந்நேரமும் தடிமன். மூக்கு அடைத்தே இருக்கும். காலையில் எழும்பும்போது தலையணை ஈரமாக இருக்கும், உதடு வெடித்திருக்கும். சோறும் இறைச்சியும் என்றால் ஒரு மணித்தியாலம் போகும். பாணைப் பாலில் தோய்த்துக் கொடுத்தால் ஐந்து நிமிடம். இவையெல்லாம் வேறு வேறு தொல்லைகள் என்றுதான் வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம். டொக்டர் அவற்றை ஒன்றோடொன்று கோத்துக் காட்டினார்.

அவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். மேல்தாடை ஒரே எலும்பு அல்ல, இரண்டு பாதிகள். அண்ணத்தின் நடுவில் அவை சந்திக்கும் கோடு சின்ன வயதில் இறுகியிருக்காது. வாயை மூடி மூக்கால் மூச்சு விடும் பிள்ளையின் நாக்கு, சும்மா இருக்கும்போது அண்ணத்தோடு ஒட்டியே இருக்கும். வெளியிலிருந்து கன்னத் தசைகள் பல்வரிசையை உள்ளே அழுத்துகின்றன. நாக்கு உள்ளிருந்து அதற்கு ஈடு கொடுக்கிறது. மூக்கு அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடத்தான் வேண்டும். அதற்கு நாக்கு கீழே இறங்கி வழி விடும், கீழ்த்தாடையும் தாழும். மேல்தாடைக்கு உள்ளிருந்து கிடைத்த ஆதரவு போய்விட, கன்னம் மட்டும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் மேல்தாடை ஒடுங்கும், அண்ணம் உயரும், முகம் நீண்டு போகும். ஓங்கிய ஒரு அழுத்தத்தைவிட மெதுவாக, மணிக்கணக்கில் நீடிக்கும் அழுத்தம்தான் பல்லையும் எலும்பையும் நகர்த்துகிறது. பிள்ளை நித்திரையில் எப்படி மூச்சு விடுகிறது என்று டொக்டர் விசாரித்ததன் காரணம் இதுதான்.

மனிதப் பிள்ளையின் மூக்கை அடைத்துவைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. குரங்குகளில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஈகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் குட்டிக் குரங்குகளின் மூக்கை சிலிக்கோனால் அடைத்து வளர்த்து, முடிவை 1981இல் வெளியிட்டார். எல்லாக் குட்டிகளுக்கும் முகமும் பல்வரிசையும் மாறின. ஆனால் ஒரே மாதிரி மாறவில்லை. ஒவ்வொன்றும் மூச்சுக்கு வழி தேடித் தாடையையும் நாக்கையும் எப்படி வைத்துக்கொண்டதோ, அதன்படி மாறின. படிக்கவே மனம் கஷ்டப்பட்டது. ஆனால் அதைப் படித்த பிறகு பிள்ளையின் மூக்கடைப்பைச் சாதாரணத் தடிமன் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

பல் டொக்டர் முதலில் அனுப்பியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். மூக்கின் பின்புறம் அடினாய்டு என்று ஒரு சதை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிதாகி, பதின்ம வயதில் தானாகச் சுருங்கிவிடும். "வளர வளரச் சரியாகும்" என்று பெரியவர்கள் சொல்வது அந்த மட்டில் சரி. ஆனால் அது சுருங்கும்வரை தாடை காத்திருக்காது. முகம் வளரும் ஒழுங்கில் அகலம் முதலில் முடிகிறது, அதற்குப் பின் நீளம், கடைசியில் உயரம். சதை சுருங்கும்போது அகலத்துக்குரிய காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

மகனுக்கு அடினாய்டு கொஞ்சம் பெருத்திருந்தது, கூடவே ஒவ்வாமையும் இருந்தது. உடனே ஒப்பரேஷன் தேவையில்லை என்றார் காது மூக்கு தொண்டை டொக்டர். நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது, இவருக்கு மருந்தும் வீட்டுச் சுத்தமும் போதும், பார்ப்போம் என்று மூக்குக்குள் அடிக்கும் ஸ்ப்ரே தந்தார். அதை அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, சற்று முன்னால் குனியவேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்குப் போகும், அல்லது மூக்கின் நடுச்சுவரில் பட்டு இரத்தம் கசியும். இதை மருந்துக் கடையில் யாரும் சொல்லித் தரவில்லை. டொக்டரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே ஒருதரம் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுத்தம் என்பதுதான் பெரிய வேலை. கொழும்பின் ஈரக்காற்றில் மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் தூசிப்பூச்சிக்கு நல்ல இடம். எங்கள் மாடிவீட்டில் ஒரு பக்கம் கடற்காற்று, மறு பக்கம் காலி வீதிப் புகை. மகன் படுக்கும் அறையில் துணித் திரையை எடுத்தோம், பஞ்சு அடைத்த பொம்மைகளை அகற்றினோம், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்த சுவரைக் கழுவிப் பெயின்ற் அடித்தோம். படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் தோய்க்கத் தொடங்கினேன். நுளம்புச் சுருளை நிறுத்திவிட்டு வலை கட்டினோம். மாமி வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுகிறவர். "பிள்ளைக்கு மூச்சு முட்டுது எண்டா சாமியும் கோவிக்காது" என்று தானே அதைச் சாமி அறையோடு நிறுத்திக்கொண்டார். சில மாதங்களில் குறட்டை நன்றாகக் குறைந்தது. வாய் மூடிப் படுக்கும் இரவுகள் கூடின. வாய்க்கு டேப் ஒட்டிப் படுக்கவைக்கும் வீடியோக்களை எனக்குச் சிலர் அனுப்பினார்கள். மூக்கு அடைத்திருக்கும் பிள்ளையின் வாயை ஒட்டுவது ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மிகவும் மாறியது இதுதான்.

நானும் கணவரும் காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் திரும்ப ஆறரை ஆகும். பகல் முழுக்க மகனைப் பார்த்துக்கொண்டது மாமி. குழந்தையாக இருந்தபோது ஒருதரம் சோற்றுப் பருக்கை தொண்டையில் மாட்டி நீலம் பாரித்துப்போனான். அதன் பிறகு மாமி எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்துத்தான் ஊட்டினார். அந்தப் பயம் நியாயமானது, அதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயம் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. மூன்று வயதில் பாண், பால், யோகட், நூடில்ஸ், பிசைந்த சோறு. ஐந்து வயதில் அதனோடு சொசேஜஸ். எல்லாம் நாக்கால் நசித்தாலே கரைகிற சாப்பாடு. மூக்கு அடைத்த பிள்ளைக்கு மெல்வதும் கஷ்டம்தான்: வாய் மூடி மென்றால் மூச்சு விட முடியாது. ஆக மூக்கு, மெல்லாமைக்குக் காரணமானது. மெல்லாமை தாடையை இன்னும் சோம்பலாக்கியது.

மெல்லுவது தாடை வளர்ச்சிக்கு உதவுகிறதா என்று ஆராய்ந்தவர்கள் பலர். 1982இல் ரொபர்ட் கொருச்சினியும் இன்னொருவரும் அணில்குரங்குகளை மென்மையான உணவில் வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் பல்வளைவு ஒடுங்கியது, பற்கள் திரும்பியும் நெருக்கியும் வந்தன. 2004இல் டேனியல் லீபர்மனின் குழு, ஆபிரிக்கப் பாறைகளில் வாழும் ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குக்கு ஒரு பகுதிக்குச் சமைத்த உணவும் மற்றப் பகுதிக்குப் பச்சையும் காய்ந்ததுமான உணவும் கொடுத்தது. சமைத்ததைத் தின்றவற்றுக்கு முகத்தின் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாக வளர்ந்தன. மனிதர் விஷயத்தில் இவ்வளவு நேரடியாகச் சோதிக்க முடியாது, ஒப்பிடத்தான் முடியும். கொருச்சினி வட இந்தியாவில் சண்டிகர் நகரத்து இளைஞரையும் சுற்றுக் கிராமத்து இளைஞரையும் ஒப்பிட்டார். ஒரே இனத்தவர்தான், ஆனால் நகரத்தில் பல் ஒழுங்கின்மை கூட இருந்தது. கிராமத்தார் தின்றது கடினமான உணவு.

நம் நாட்டிலேயே யோசிக்க ஒரு இடம் உண்டு. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்கள பக்கம் பாகியன்கல குகை இருக்கிறது. சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். குரங்கும் அணிலும் வேட்டையாடித் தின்றார்கள், காட்டுக் கெக்குணக் கொட்டையை உடைத்துத் தின்றார்கள். பலாங்கொடை மனிதர் என்று சொல்லப்படும் அந்தப் பழங்குடியின் எலும்புகளைப் பார்த்த அறிஞர்கள் கனத்த தாடையையும் பெரிய பற்களையும் குறித்திருக்கிறார்கள். அதெல்லாம் சாப்பாட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, பரம்பரையும் வேறு. ஆனால் நம் தாடை எதற்காக அமைந்தது என்பதை அது காட்டுகிறது. பாண் துண்டைப் பாலில் தோய்த்துத் தின்பதற்காக அல்ல.

1930களில் உலகம் சுற்றிய வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் பெயரும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். ஊருக்குள் வெள்ளை மாவும் சீனியும் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் முகம் ஒடுங்கியதாக அவர் படங்களோடு எழுதினார். படங்கள் மனதைப் பிடித்து இழுக்கும். ஆனால் அவர் காரணத்தை முழுக்கச் சத்துக்குறைவின் மேல் போட்டார், மூச்சையும் மெல்லுதலையும் பிரித்துப் பார்க்கவில்லை. அவரை நம்பிப் பிள்ளைக்குக் காய்ச்சாத பால் கொடுக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? திடீரென்று கடினமானதைக் கொடுத்தால் பிள்ளை துப்பிவிடும். முதலில் மூக்கு கொஞ்சம் திறக்கும்வரை காத்திருந்தோம். பிறகு தண்ணீர்க் கோப்பையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்தோம். தண்ணீர் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்தான். தோய்த்த பாணுக்குப் பதில் தேங்காய் ரொட்டி வந்தது. குழையாமல் வடித்த சிவப்பரிசிச் சோறு, அவித்த கௌபி, கடலை, எலும்போடு கோழிக்கால், பொரித்த நெத்தலி. பின்னேரம் பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யாக்காய், அம்பரலங்காய், அவித்த சோளப்பொத்தி. சோளத்தை உதிர்த்துக் கொடுக்காமல் பொத்தியோடு கடிக்கவிட்டோம். தைப்பொங்கல் நேரம் கரும்பு. மாமிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பொதி வரும்போது பனங்கிழங்கும் புழுக்கொடியலும் வரும். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு மென்று காட்டியது மாமிதான். "நாங்கள் பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் இதைத்தான் சப்பிக்கொண்டு போறது. எங்கட சகோதரங்கள் ஒருத்தருக்கும் பல்லுக்குக் கம்பி கட்டேல்லை." கம்பி கட்டாததற்கு வேறு காரணமும் இருந்திருக்கும், அன்றைக்கு யாரிடம் காசு இருந்தது? ஆனாலும் மாமியின் பல்வரிசை எழுபதிலும் நேராகத்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நாலைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான், கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட் துண்டு கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். எந்த வயதிலும் ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ தின்னக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். கைக்குழந்தைக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் மிட்வைஃப் சொல்லித் தரும் ஒழுங்கு நல்ல ஒழுங்கு: ஆறு மாதத்தில் நன்றாக மசித்தது, எட்டு ஒன்பது மாதத்தில் கட்டியோடு மசித்தது, ஒரு வயதில் வீட்டார் சாப்பிடுவது. இதில் நடுப்படி மிக முக்கியம். கட்டியான உணவைப் பத்து மாதம் தாண்டியும் அறிமுகப்படுத்தாத பிள்ளைகள் பிறகு சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. என் மகளுக்கு அந்தப் படியைக் கவனமாகக் கடந்தோம். ஒன்றரை வயதில் அண்ணனின் ரொட்டியைப் பறித்துத் தின்றாள்.

தாய்ப்பாலும் இதில் சேரும். முலையில் குடிக்கும் குழந்தை நாக்கையும் தாடையையும் உழைத்துத்தான் பாலை எடுக்கிறது. போத்தலில் பால் தானாக இறங்குகிறது. தாய்ப்பால் குடித்தவர்களுக்குப் பல் ஒழுங்கின்மை குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் மருத்துவ இதழ் எடுத்துக்காட்டியது. இலங்கையில் 2016 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இது நம் நாடு பெருமைப்படவேண்டிய கணக்கு. பால் சுரக்காமல் போத்தல் கொடுத்த தாய், இதை வாசித்துக் கலங்கவேண்டாம். மூக்கு, மெல்லுதல், பால்பல் என்று இன்னும் எத்தனையோ வாசல் திறந்திருக்கிறது.

விரல் சூப்புவதையும் சூப்பியையும் மூன்று, நாலு வயதுக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் முன்பல் தானாகச் சரியாகும். அதற்குப் பிறகும் இரவு முழுக்க விரல் வாயில் இருந்தால் மேல் கீழ் முன்பற்கள் ஒட்டாமல் இடைவெளி விடும். வேப்பெண்ணெய் பூசுவது, அடிப்பது எதுவும் வேண்டாம். நித்திரை கொண்ட பின் மெதுவாக விரலை எடுத்துவிடுங்கள்.

பால்பல்லைப் பற்றி நான் கோபத்தோடுதான் எழுதவேண்டியிருக்கிறது. "விழப்போற பல்லுத்தானே" என்பது எங்கள் ஆட்களின் வாயில் எப்போதும் இருக்கிற வசனம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு ஐந்து வயதில் கடைவாய்ப் பால்பல் சூத்தை பிடித்து வலித்தது. இரவில் சீனி போட்ட பால்மாப் போத்தலோடு நித்திரை கொள்ளும் பிள்ளை. ஒரு தனியார் கிளினிக்கில் பல்லைப் பிடுங்கிவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தைக் காக்க ஒரு வளையம் போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைசிக் கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கவேண்டியது. அதன் வேலை மெல்லுவது மட்டும் அல்ல, கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்துவைப்பதும்தான். அது போனதும் பின்னால் முளைத்த நிரந்தரப் பல் முன்னால் சரிந்து வந்து இடத்தை அடைத்துவிட்டது. இப்போது அந்தப் பிள்ளைக்குப் பல் நெருக்கம், கம்பி போட்டுத்தான் சரி செய்யவேண்டும்.

அந்த நிரந்தரப் பல்லை ஞாபகத்தில் வையுங்கள். ஆறு வயதளவில், எந்தப் பால்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கும். அது பால்பல் என்று எண்ணித்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். பால்பற்கள் மேலே பத்து, கீழே பத்து, மொத்தம் 20. ஒவ்வொரு பக்கமும் ஐந்துக்குப் பிறகு ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது ஆயுளுக்கும் இருக்கவேண்டிய பல். இன்னொன்று: ஐந்து வயதுப் பிள்ளையின் முன்பால்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கவலைப்படாதீர்கள், அது நல்லது. பின்னால் வரும் பற்கள் பெரியவை, அவற்றுக்கு அந்த இடம் வேண்டும். முத்துக் கோத்த மாதிரி நெருங்கி அழகாக இருக்கும் பால்பல்லைத்தான் டொக்டரிடம் காட்டவேண்டும்.

மகனுக்கு எட்டாவது வயதில் மேல்தாடையை விரிக்கும் பிளேட் பூட்டினார்கள். மூக்கு சீராகி வாய் மூடத் தொடங்கிய பிறகுதான் பூட்டுவேன் என்று பல் சீரமைப்பு நிபுணர் பிடிவாதமாக நின்றார். நாக்கு மேலே போகாவிட்டால் விரித்தது திரும்ப ஒடுங்கும் என்பது அவர் சொன்ன காரணம். பிளேட்டின் நடுவில் ஒரு திருகாணி. சின்னத் திறப்பு ஒன்றை ஓட்டையில் விட்டு அவர் சொன்ன நாட்களில் நான் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளவேண்டும். ஒரு தள்ளுக்குக் கால் மில்லிமீற்றர். மகனைக் கட்டிலில் படுக்கவைத்து, கணவர் போனில் வெளிச்சம் பிடிக்க, நான் திருப்புவேன். வலிக்காது, மூக்கடியில் ஒரு இறுக்கம் தெரியும் என்றான். கொஞ்ச நாளில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நீக்கல் வந்தது. மாமி பதறிப்போனார். அண்ணத்துக் கோடு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பிறகு அது தானாகச் சேர்ந்துவிட்டது. விரித்த பின்னும் பிளேட்டை உடனே கழற்றவில்லை, புது எலும்பு நிரம்பும்வரை பல மாதம் அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் கச்சான் அல்வா, ரொபி, கரும்பு எல்லாம் தடை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பிளேட்டுக்கு அடியில் சிறிஞ்சால் தண்ணீர் பீச்சிக் கழுவவேண்டும். மகனின் பாடசாலைப் பையிலும் ஒன்று இருந்தது. இப்போது வலது பக்கம் சரியாகக் கடிக்கிறான். பிறகு பல்லுக்குக் கம்பி தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டாலும் பல் பிடுங்கவேண்டி வராது என்று நம்பிக்கை சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சாப்பாட்டாலும் மூச்சாலும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லின் அளவு, தாடை எலும்பின் அடிப்படை அமைப்பு, கீழ்த்தாடை முன்தள்ளி வளர்வது போன்றவற்றில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. ஐரோப்பாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நீண்ட கீழ்த்தாடை வந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்ததோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2019இல் ஒரு ஆய்வு காட்டியது. அந்த வம்சத்தில் 1700இல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்ல்ஸுக்கு ஒழுங்காக மெல்லவே முடியவில்லை. அவருக்கு யாரும் பாணைத் தோய்த்துக் கொடுத்துத் தாடை அப்படியாகவில்லை. என் கணவர் வீட்டிலும் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னுக்கு. மகனுக்கு அது பதின்ம வயதில் எப்படி வரும் என்று வருடா வருடம் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதே விஷயத்தில் பெரிய பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது. போனில் பார்த்துவிட்டு மியூயிங் என்று நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறான், தாடைக்கு உடற்பயிற்சி என்று கல்லு மாதிரி ஒரு சூயிங்கம்மை மணிக்கணக்கில் சப்பினான். முகம் மாறவில்லை, காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலித்து, கொட்டாவி விட்டால் சத்தம் கேட்கத் தொடங்கியது. அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சங்கம் 2024இல் மியூயிங் பற்றி எச்சரித்திருக்கிறது. சிறு பிள்ளையின் நாக்கு இயல்பாக அண்ணத்தில் தங்குவதும், வளர்ந்து முடியப்போகும் எலும்பை நாக்கால் தள்ளிப் பார்ப்பதும் ஒன்றல்ல. கம்மை நிறுத்தி, சில கிழமை மென்மையான சாப்பாடு சாப்பிட்ட பிறகுதான் வலி விட்டது.

எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: அதே அமெரிக்கச் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டும்படி சொல்கிறது. காசு கொடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் மூன்று முதல் பதின்மூன்று வயதுவரை இலவசமாகப் பார்க்கிறார்கள். சூத்தையை அடைப்பதும் அங்கேயே நடக்கும். தாடை, கடி விஷயம் என்றால் அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு கொழும்பு 7, வோர்ட் பிளேசில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகலாம். அரச இடங்களில் பல் சீரமைப்புக்குக் காத்திருக்கும் வரிசை நீளம், அதனால் பேரை முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

போகும்முன் பிள்ளை நித்திரை கொண்டு ஒரு மணித்தியாலம் கழித்து, தடிமன் இல்லாத ஒரு இரவில், ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாய் தெரியவேண்டும், மூச்சுச் சத்தம் கேட்கவேண்டும். எங்கள் காது மூக்கு தொண்டை டொக்டர் என் விளக்கத்தைவிட அந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.